மயில்துத்தம் எத்தனை கிராம்?

செங்குன்றம் தாண்டிப் பொன்னேரி நோக்கிப் போனால், பச்சை நிழல்வலைக்கு அடியில் வரிசை வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள் தென்படும். வண்ணமீன் என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர்தான் நினைவுக்கு வரும். அங்கே வீட்டுக் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் வளர்ந்த தொழில், இடமும் தண்ணீரும் போதாமல் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களுக்குள் பரவிவிட்டது.

நான் போனது கார்த்திகை மாதம். மழை விட்டும் விடாமலும் இருந்த காலை. மொல்லி, பிளாட்டி, தங்கமீன், கோய் வளர்க்கும் நடுத்தரப் பண்ணை. முதலாளி, அவர் மனைவி, மீன் பிரிக்க வரும் பெண்கள் சிலர். மீனுக்கு நோய் வந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர மருத்துவர் கிடையாது. பண்ணையில் இருக்கும் எல்லோருமே வைத்தியர்கள்தான்.

பிரிக்கும் பெண்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. வலையைத் தண்ணீரில் விடுவதற்கு முன் அவர் தொட்டியோரம் குந்திக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்கிறார். அந்தச் சும்மா பார்ப்பதில்தான் தொழிலே இருக்கிறது. "ஒருக்களிச்சுத் தரையில உரசுதா, தோல்ல பூச்சி. ஒரு செவுள மூடிக்கிட்டு ஒண்ணுல மட்டும் மூச்சு விடுதா, செவுள்புழு. காத்துக் குழாய்கிட்ட கும்பலா நிக்குதா, தண்ணி கெட்டுப்போச்சு" என்று அடுக்கினார்.

"மூணும் சேர்ந்து வந்தா?"

"மூணும் சேர்ந்துதான் தம்பி வரும்."

ஒட்டுண்ணிகளைப் பற்றி நான் படித்ததையெல்லாம் அக்கா இந்த ஒரு வரியில் அடக்கிவிட்டார். ஒட்டுண்ணி எங்கிருந்தோ வந்து குதிப்பதில்லை. பெரும்பாலும் அது தொட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர் மீனைத் தளர்த்தும்வரை காத்திருக்கிறது.

அன்று தங்கமீன் தொட்டிகளில் வெள்ளைப்புள்ளி. உப்புப் பரல் தூவியதுபோல் வால் முழுக்கப் புள்ளிகள். முதலாளியிடம் ஒரு பழைய நுண்ணோக்கி இருந்தது. மீனின் வழவழப்பைக் கண்ணாடித் துண்டால் மெல்ல வழித்து வைத்துப் பார்த்தோம். உருண்டையான உயிர் ஒன்று மெதுவாகப் புரண்டது; உள்ளே லாட வடிவில் உட்கரு. சந்தேகமே இல்லை, இக்தியோஃப்திரியஸ். தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுத்ததும் இது மீனைவிட்டு உதிர்ந்து, தொட்டித் தரையில் கூடு கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பிளவுபடும். வெளியே வரும் குஞ்சுகள் ஓரிரு நாளைக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடாது. நீந்தித் திரியும் குஞ்சுகளை மட்டுமே கொல்லலாம். ஒருமுறை மருந்து ஊற்றிவிட்டு "சரியாயிடும்" என்று உட்கார்ந்தால் ஆகாது என்பதற்கு இதுதான் காரணம். 30 டிகிரிக்கு மேல் வெந்நீராகக் கிடக்கும் கோடைத் தொட்டியில் இது தலையெடுப்பது கடினம். மழை வந்து தண்ணீர் குளிர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம், மீனின் எதிர்ப்புச் சக்திக்கோ திண்டாட்டம்.

இதற்கு முதலாளி போடும் மருந்து மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். இவ்வளவு லிட்டருக்கு இத்தனை கிராம் என்று ஒரு கணக்கைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். "வெயில் காலத்துல போட்டேன், பூச்சி போகவே இல்ல சார். இப்ப அதே அளவு போட்டேன். பின்னாடி திறந்த தொட்டியில மீன் பாதி போச்சு. மருந்துலயே கலப்படமோ என்னவோ" என்றார்.

எனக்கு மருந்தின்மேல் சந்தேகம் வரவில்லை, தண்ணீரின்மேல்தான் வந்தது. பையில் ஆல்கலினிட்டி சோதனைப் பெட்டி வைத்திருந்தேன். தண்ணீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட்டின் அளவை அது காட்டும். போர் தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டோம். நிறம் மாறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்பக்கத் திறந்த தொட்டித் தண்ணீரோ சில சொட்டுகளிலேயே சிவந்துவிட்டது. வாரக்கணக்கில் மழை விழுந்து நிரம்பி வழிந்த தொட்டி அது. மழைநீரில் கார்பனேட் ஏறக்குறைய கிடையாது.

செம்பின் குணம் இங்கேதான் மாறுகிறது. கார்பனேட் மிகுந்த தண்ணீரில் செம்பு அதோடு சேர்ந்து படிவாக அடியில் உட்கார்ந்துவிடும். பூச்சிக்கும் தொல்லையில்லை, மீனுக்கும் தொல்லையில்லை. கார்பனேட் குறைந்த தண்ணீரில் செம்பு தனி அயனியாகத் திரிந்து, பூச்சியோடு சேர்த்து மீனின் செவுளையும் அரிக்கும். மீன் வளர்ப்பில் வழங்கிவரும் கணக்கு எளிது: ஆல்கலினிட்டியை 100 ஆல் வகுத்தால் வருவது, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் மயில்துத்தம். ஆல்கலினிட்டி 200 என்றால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். 1,000 லிட்டர் தொட்டிக்கு வெறும் 2 கிராம். மழையில் அது 80 ஆக இறங்கினால் 0.8 கிராம்தான். அப்போதும் 2 கிராம் போட்டால் இரண்டரை மடங்கு. 50க்குக் கீழே போனால் செம்பைக் கையில் எடுக்கவே கூடாது. 250க்கு மேல் போனால் போட்டும் பெரிய பலன் இல்லை.

முதலாளியின் சட்டைப்பையில் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் ஒன்று எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் அது இல்லாத பண்ணைக்காரர் அபூர்வம். "இதுல பாத்தா போதாதா?" என்று கேட்டார். போதாது. டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகளை மொத்தமாகச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. தொட்டியில் கல்லுப்பைக் கொட்டினால் டிடிஎஸ் எகிறும், ஆல்கலினிட்டி இம்மியும் அசையாது. அதை நம்பிச் செம்பு போடுவதுதான் ஆபத்து.

மதியம் அக்காதான் இன்னொரு தொட்டியைக் காட்டினார். தண்ணீர் பாசிப்பச்சை. "காலையில நல்லாருக்கும், ரெண்டு மணிக்கு மேல மொத்தமும் மேல வந்து வாயைப் பொளக்கும்" என்றார். பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச பி.எச். ஏறும். தீனிக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா காலையிலும் அதே அளவுதான், மதியமும் அதே அளவுதான். ஆனால் 28 டிகிரியில், பி.எச். 7 இருக்கும்போது அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் ஆறேழு பங்கு, 9 ஆனால் நாற்பது பங்கு. நாள்தோறும் மதியம் செவுள் எரிகிற மீன் வழவழப்பை அதிகமாகச் சுரக்கும். கழிவு மிகுந்த தண்ணீரில் பாக்டீரியாவைத் தின்று பெருகும் டிரைக்கோடினா அந்தச் செவுளில் வந்து குடியேறும். நுண்ணோக்கியில் அது வட்டமாகச் சுழல்வது பார்க்க அழகாகவே இருக்கிறது. மருந்து தேடுவதற்கு முன் தீனியைக் குறைத்துத் தண்ணீரை மாற்ற வேண்டிய நோய் இது.

ஒட்டுண்ணிக்கு ஃபார்மலின் ஊற்றுவோருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு 5 மில்லிகிராமும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் குறைக்கும் என்பார்கள். வழக்கமான 25 மில்லிகிராம் அளவுக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் போகும். 30 டிகிரித் தண்ணீரில் முழுதாகக் கரைந்தாலே இருப்பது ஏழரைதான். காற்றுப் பம்பு ஓடாத தொட்டியில் இதை ஊற்றுவதைவிட மீனைச் சும்மா விடுவது மேல்.

என்னைக் கேட்டால் மழைக்காலத்துக்குக் கல்லுப்பே நல்ல மருந்து. ஒட்டுண்ணி துளைத்த தோல் வழியாகத் தண்ணீர் மீனுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். மீன் அதை இறைத்து இறைத்தே களைத்துப்போகும். லிட்டருக்கு 3 கிராம் உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது. மொல்லி, தங்கமீன் இரண்டும் இதைத் தாங்கும். சில கெளுத்தி வகைகள் தாங்காது. மீன்பேனுக்கு மட்டும் உப்பை நம்ப முடியாது. அது மீனை விட்டிறங்கித் தொட்டிச் சுவரில் முட்டையிடும். தொட்டியைக் காலி செய்து, சுவரைத் தேய்த்து, வெயிலில் காயப்போட வேண்டும். அந்த வேலையும் கடைசியில் பெண்கள் தலையில்தான் விழுகிறது.

2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் வீட்டுக்கொல்லை வண்ணமீன் வளர்ப்புக்கு மானியம் உண்டு, பெண்களுக்குக் கூடுதலாகவே. தொட்டிக்கும் பம்புக்கும் பணம் தரும் கையோடு, பிரிக்கும் பெண்கள் கையில் ஒரு ஆல்கலினிட்டி சோதனைப் பெட்டியையும் அதைப் பயன்படுத்த ஒரு மணிநேரப் பயிற்சியையும் கொடுக்கலாம். மீன்வளக் கல்லூரி பொன்னேரியிலேயே இருக்கிறது. வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: அடுத்தமுறை கடையில் வெள்ளைப்புள்ளி மருந்து கேட்கும்போது, சோதனைப் பெட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். முதலில் அதைத் திறங்கள்.