எட்டு கஜமும் எட்டு முழமும்

உல்லாசக் கப்பலில் பயணச்சீட்டு எடுத்தவருக்கு நிறுவனம் அனுப்பிவைக்கும் குறிப்புகளுள் மிகுந்த கவலையை உண்டாக்குவது உடை பற்றிய பகுதிதான். பகலில் எதை உடுத்தினாலும் கேட்பாரில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு நிலைமை வேறு. இரவு உணவுக்கு உடை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை இன்றும் விடாமல் காத்துவரும் நிறுவனங்களுள் கியூனார்ட் குறிப்பிடத்தக்கது. அதன் கப்பல்களில் சில இரவுகள் 'காலா' இரவுகள் என்று அறிவிக்கப்படும். அன்று ஆண்கள் கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் போ டையும், அல்லது அடர்நிறக் கோட்டும் டையும் அணிந்து வர வேண்டும். பெண்கள் விழா உடையில் வர வேண்டும். இவற்றோடு, பலரும் படிக்காமலே தாண்டிவிடுகிற ஒரு வரியும் உண்டு. அவரவர் நாட்டு மரபுக்குரிய விழா உடையும் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதே அது.

அத்தகைய கப்பல் ஒன்றில் சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வே சென்று திரும்பப் பதிவு செய்திருந்த நாங்கள், கணவனும் மனைவியுமாகப் பல மாலைப் பொழுதுகள் விவாதித்தது அந்த ஒற்றை வரியைத்தான். எங்களில் சேலை கட்டுபவருக்கு ஐயமே எழவில்லை. இரண்டு காஞ்சிபுரம் பட்டு, உணவுக்கூடத்தின் குளிருக்கு ஒரு சால்வை என்று கால் மணி நேரத்தில் அவருடைய பெட்டி ஆயத்தமாகிவிட்டது. மற்றவருக்கோ, டின்னர் ஜாக்கெட்டை வாடகைக்கு எடுப்பதா, வேட்டியைக் கொண்டுபோவதா என்பது புறப்படும் வாரம் வரை முடிவாகவில்லை. ஒரே ஊரில் பிறந்த இரண்டு உடைகளில் ஒன்று தயங்காமல் பெட்டிக்குள் செல்கிறது. மற்றொன்று அனுமதிக்குக் காத்து நிற்கிறது. இது ஏன் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் அந்த ஜாக்கெட்டைப் பற்றி. இன்று சம்பிரதாயத்தின் உச்சமாகக் கருதப்படும் அது, பிறந்தபோது சம்பிரதாயத்திலிருந்து தப்பிக்க உதவிய உடை. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு, வால் வைத்த நீண்ட கோட்டுக்குப் பதிலாக, வீட்டில் உண்ணும்போது அணிந்துகொள்ளக் குட்டைக் கோட்டு ஒன்றை 1865-ஆம் ஆண்டில் தைத்துக் கொடுத்ததாக இலண்டன் தையல் நிறுவனமான ஹென்றி பூல் கூறுகிறது. நியூயார்க்கை அடுத்த டக்ஸிடோ பார்க் என்னும் செல்வர் குடியிருப்பின் வழியே அது அமெரிக்காவில் 'டக்ஸிடோ' என்று பெயர் பெற்றது. அதனோடு இடுப்பில் சுற்றும் கம்மர்பண்ட், இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இங்குள்ள 'கமர்பந்த்' என்ற இடைக்கச்சையைப் பார்த்து எடுத்துக்கொண்டது. செங்கடலின் வெப்பம் தாளாமல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் இந்தக் கச்சையுமாக உணவுக்கு அமரும் வழக்கமும் உண்டாயிற்று. ஆங்கிலத்தில் அதற்குச் செங்கடலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்நாளைய அட்லாண்டிக் கப்பல்களில் முதல் இரவும் கடைசி இரவும் விழா உடை அணிவதில்லை. பெட்டிகள் அவிழ்க்கப்படாமலோ மீண்டும் கட்டப்பட்டோ இருக்கும் என்பதுதான் காரணம். ஆக, அசையாதது போலத் தோற்றமளிக்கும் இந்த விதி, வெயிலுக்கும் பெட்டிக்கும் வளைந்துகொடுத்தே வந்திருக்கிறது.

நம்மவர்களில் இந்த விதியின் இரு கரைகளையும் கண்டவர் காந்தி. 1888-இல் இலண்டனுக்குப் படிக்கப் போனபோது கப்பலில் கறுப்பு உடையை அணிந்திருந்தார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமலும், எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூசியும், உணவு மேசைக்கே போகாமல் தம் அறையில் கொண்டுவந்த பலகாரங்களை உண்டார். கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்திய வெள்ளை உடையை அணிந்தபோது, அங்கே அவ்வாறு உடுத்தியிருந்தவர் தாம் ஒருவரே என்று கண்டதையும் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக மீண்டும் கப்பலேறியபோதும், அரண்மனை வரவேற்புக்குச் சென்றபோதும் அவ்வுடை மாறவில்லை. இடைப்பட்ட 43 ஆண்டுகளில் இங்கிலாந்தின் விதி பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது அவருடைய கூச்சம்.

காந்தியின் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், சென்னை மன்றமொன்றில் நடந்த திருமண வரவேற்புக்கு மனைவியுடன் சென்றார். வேட்டி என்பதால் வாசலில் நிறுத்தப்பட்டார். அருகில் பட்டுச்சேலையில் நின்ற அம்மையாரை, "நீங்கள் போகலாம் அம்மா" என்றார்கள். அவர் போகவில்லை. இருவரும் அன்பளிப்பை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீடு திரும்பி, மீந்திருந்த மோர்சோற்றை உண்டார்கள். அதைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை. 2014 ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே சென்னை மன்றமொன்றில் இது நேர்ந்து, அடுத்த மாதமே வேட்டிக்குத் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, மகிழ்வதற்குப் பெரியவர் உயிரோடு இல்லை.

ஒரே வாசலில் சேலைக்கு வழியும் வேட்டிக்குத் தடையும் இருந்தது தற்செயலன்று என்றே நாங்கள் கருதுகிறோம். ஆட்சியில் சிறு பங்கு கேட்ட ஆண்களிடம், எங்களைப் போல உடுத்தி வாருங்கள் என்றது ஆங்கில அரசு. பங்கு கேட்கும் இடத்தில் பெண்கள் வைக்கப்படவே இல்லை. ஆகவே அவர்கள் உடையை மாற்றச் சொல்லும் தேவையும் எழவில்லை. சேலைக்குக் கிடைத்த சுதந்திரத்தின் வேரில் இந்தக் கசப்பு இருக்கிறது. ஆனாலும், ஆண்கள் கோட்டுக்குள் ஒதுங்கிக்கொண்ட கூடங்களிலெல்லாம், தன் ஊரைத் தோளில் சுமந்து, அந்நியப் பார்வைகளைத் தாங்கி நின்றவர்கள் பெண்கள்தாம். அதை யாரும் துணிவு என்று சொன்னதில்லை.

வேட்டி பெட்டிக்குள் போயிற்று. மயில்கண் கரையிட்ட எட்டு முழம், வெள்ளைச் சட்டை, கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சென்னைப் புகைப்படங்களில் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் நிற்கும் அதே கோலம். தீ அச்சத்தால் கப்பல் அறைகளில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதியில்லை. பயணிகளின் சலவை அறைக்குத்தான் போகவேண்டும். காலா இரவின் மாலையில் அங்கே நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் ஸ்காட்லாந்துப் பெரியவர் ஒருவர், ஈரத்துணியை விரித்துத் தம் கில்ட்டின் மடிப்புகளை அழுத்திக்கொண்டிருந்தார். வேட்டியைப் பார்த்து, "எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். சொன்னோம். தம்முடையது எட்டு கஜம் என்றார். எட்டு கஜத்துக்கு முன் எட்டு முழம் எம்மாத்திரம் என்று சிரித்தோம். தம் முன்னோர் இதை அணியச் சட்டம் தடைசெய்திருந்ததை அவர்தாம் நினைவூட்டினார். 1746-இல் வந்த தடை 1782-இல்தான் நீங்கியது. தண்டனைக்குரியதாயிருந்த அந்தத் துணி இன்று கப்பல் நிறுவனத்தின் பட்டியலில் விழா உடை.

அன்றிரவு உணவுக்கூடத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சூப்பைப் பார்த்தார்கள். பரிமாறிய கோவாக்கார இளைஞர் மட்டும், தம் சென்னை நண்பரின் திருமணத்தில் இப்படி உடுத்தியதாகச் சொல்லி, இரண்டாம் முறை ரொட்டி கொண்டுவந்தார்.

போகவிருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். உடை விதியே வேண்டாமென்பவர்களுக்கு வேறு நிறுவனங்கள் உண்டு. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000-ஆம் ஆண்டிலேயே அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. கியூனார்ட் கப்பல்களிலும் தாமே எடுத்து உண்ணும் பகுதியில் எளிய உடை போதும். வேட்டி கட்டுபவர் உள்ளே பெல்ட் அணிவது நல்லது. கப்பல் ஆடும்போது மாடிப்படியில் ஒரு கை கைப்பிடிக்கும் மறுகை வேட்டி நுனிக்கும் தேவைப்படும். மேல்தளத்துக் காற்றை வேட்டியோடு பரிசோதிக்க வேண்டாம்.

இரண்டாவது காலா இரவில் எங்களில் வேட்டிக்காரர் அடர்நிறக் கோட்டும் டையும் அணிந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. வேட்டியும் கட்டலாம் என்றான பிறகு கோட்டு உறுத்தவில்லை.