குறியை மாற்றினாற் போதுமா?

நாம் மோட்டார் வண்டிகளிற் பித்துக் கொண்டவரல்லேம். கல்லூரிக்குச் சைக்கிளிற் சென்று வருகின்றோம். உயர்தர வகுப்பு மாணவருக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகின்றோம். அத்தகைய நாம் ஒரு ஜேர்மன் வண்டியின் வமிச வரலாற்றைக் கரும்பலகையில் எழுத நேர்ந்த கதையை இங்கே சொல்லலாமென எண்ணுகின்றோம்.

ஒருநாள் பாடம் முடியுந் தறுவாயில் மாணவனொருவன் எழுந்து, "சேர், ஒரு வண்டி இரண்டரைச் செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டுமாம். உண்மையோ?" என்று கேட்டான். அவன் சொன்னது போர்ஷே நிறுவனத்தின் கயென் என்னும் வண்டியை. ஜீப்பைப் போல் உயர்ந்து நிற்பது. குடும்பத்தோடும் பெட்டி படுக்கையோடும் ஏறிச் செல்லத்தக்கது. நாம் அதனைப் படத்திலன்றி நேரிற் கண்டதில்லை. ஆயினும் ஆர்முடுகல் நடந்துகொண்டிருந்த வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் வேறெது? மறுநாட் பாடத்துக்கு அதனையே எடுத்துக் கொண்டோம்.

அவ்வண்டி முதன்முதல் 2002ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பந்தய வண்டிகளாற் புகழ்பெற்ற நிறுவனம் இப்படியொரு பாரவண்டி செய்வதா என்று பலரும் முகஞ்சுளித்த காலம் அது. அதன் டேர்போ வகை 450 பரிவலு உடையது. ஓய்விலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை எட்ட 5.6 செக்கன் எடுத்தது. இரண்டாந் தலைமுறை 2010இல் வந்தது: 500 பரிவலு, 4.7 செக்கன். மூன்றாவது 2017இல்: 550 பரிவலு, 4.1 செக்கன். 2025 நவம்பரில் அறிமுகமான மின்சாரக் கயெனின் டேர்போ வகை, புறப்படுவதற்கென அமைந்த விசேட ஏற்பாட்டோடு 1,156 பரிவலுவைக் காட்டி, 2.5 செக்கனில் அவ்வேகத்தை அடையும் என்பது நிறுவனத்தாரின் கணக்கு.

"வலு கூடினால் வேகம் கூடுந்தானே" என்றான் ஒருவன். அது பாதி விடையே. இரண்டாந் தலைமுறையில் டேர்போ வண்டியின் திணிவு ஏறக்குறைய 185 கிலோகிராம் குறைக்கப்பட்டது. ஆறு கியர் இருந்த இடத்தில் எட்டு வந்தது. மூன்றாந் தலைமுறையில் எஞ்சின் 4.8 லீற்றரிலிருந்து 4 லீற்றராகச் சிறுத்தது, வேகமோ மிகுந்தது. மின்சார வண்டி இரண்டரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரமுடையது. எனினும் மின்மோட்டார் சுழலத் தொடங்கும் அக்கணத்திலேயே தன் முழுத் திருப்பு விசையையும் தரவல்லது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் வேறு வேறு மோட்டார் உண்டு. கியர் மாற்றக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொன்றின் சராசரி ஆர்முடுகலையும் மாணவர் கணித்தனர். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர். அதனை 5.6ஆல் வகுக்க ஏறக்குறைய 5 வந்தது, 2.5ஆல் வகுக்க 11.1 வந்தது. வகுப்பு ஒருகணம் மௌனமாயிற்று. புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 அல்லவா? உயர்ந்த பனையொன்றில், 20 மீற்றர் உயரத்திலிருந்து பழமொன்று விழுமாயின், நிலத்தைத் தொட 2 செக்கன் செல்லும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 71 கிலோமீற்றர். அந்த 2 செக்கனில் இவ்வண்டி தார் வீதியில் 80ஐ எட்டிவிடும்! பிள்ளைகள் கைதட்டினர். நாமும் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சியின் நடுவே எம் கண் மூன்றாவது வாங்கின் ஓரத்திற் சென்று நின்றது.

2023ஆம் ஆண்டு அவ்விடத்தில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கிற் பிழை விடாத பிள்ளை. ஆர்முடுகற் பாடத்தை அவனுக்கும் இவ்வாறே உற்சாகத்தோடு கற்பித்தோம். அமர்முடுகல் வந்தபோது மணி அடித்துவிட்டது. "அதே சமன்பாடுதான்; குறியை மாத்திரம் மாற்றிக் கொள்ளுங்கள்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினோம். சில மாதங்களின் பின், மாமனார் வாங்கிக் கொடுத்த மோட்டார்ச் சைக்கிளில் அவன் இருட்டு வேளையில் வீடு திரும்புகையில், விளக்கில்லாது ஒழுங்கையிலிருந்து வெளிப்பட்ட உழவு இயந்திரப் பெட்டியில் மோதி இறந்தான். செத்த வீட்டில் அவன் தாயார் எம்மைக் கண்டு, "சேர், உங்கள் பாடத்தில்தானே அவனுக்கு விருப்பம்" என்று சொல்லி அழுதார். எமது பாடம் அவனைக் கொன்றதென்று நாம் சொல்லோம். ஆனால் அதிற் பாதியை நாம் அவனுக்குச் சொல்லவில்லை என்பது உண்மை.

ஆகவே இம்முறை மணி அடித்தும் விடவில்லை. அடுத்த நாள் மற்றப் பாதியைக் கணித்தோம். ஆபத்தைக் கண்டு காலைப் பிறேக்கில் வைக்க ஒரு செக்கன் என்று கொள்வோம். அதற்குள் வண்டி 28 மீற்றர் ஓடிவிடும். நல்ல ரயரும் உலர்ந்த வீதியுமானால், நிற்க இன்னும் 38 மீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 66 மீற்றர். ஆர்முடுகல் சீரானதென்று கொண்டால், 2002ஆம் ஆண்டு வண்டி அவ்வேகத்தை அடைய 78 மீற்றர் ஓடியது. 2025ஆம் ஆண்டு வண்டிக்கு 35 மீற்றர் போதும். முன்பு வேகங்கொள்ளவே நிற்பதைவிட நீண்ட தூரம் வேண்டியிருந்தது. இன்றோ வேகங்கொள்ளும் தூரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நிற்பதற்கு வேண்டும். வண்டி தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஓட்டுபவனின் கண்ணும் காலும் பாட்டன் காலத்தனவே.

"அப்படியானால் இந்த வண்டி கூடாததோ, சேர்?" என்று கேட்டான் முதல்நாள் வினவியவன். "இல்லையடா தம்பி. அதைச் செய்தவர்களின் அறிவு வணங்கத்தக்கது. ஆனால் அவர்கள் விளம்பரத்திற் சொல்லும் செக்கனோடு உன் செக்கனையும் கூட்டிக்கொள்" என்றோம்.

பின்னர் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துச் சென்று 66 மீற்றரை நாடாவால் அளப்பித்தோம். ஒருவனை மறுகோடியில் நிறுத்தினோம். "இவ்வளவு தூரமோ!" என்று பிள்ளைகள் வியந்தனர். கரும்பலகையிற் சிறு எண்ணாக நின்றது அங்கே வெயிலில் நீண்டு கிடந்தது.

பிள்ளைகளுக்கு வாகனம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் மாமன்மாரும் அதனைக் கொடுக்குமுன் ஒருமுறை அவர்களோடு அவ்வளவு தூரம் நடந்து பார்ப்பார்களாக. குறியை மாற்றினாற் போதுமென்று நாம் இப்பொழுது எவருக்குஞ் சொல்வதில்லை.