கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்

கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து பழகியவர்களுக்கே ஒலிபெருக்கியின் அருமையும் தெரியும். அதன் கொடுமையும் தெரியும். எங்கள் கல்லூரிப் பேரவை மண்டபம் 40 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உடையது. உயர்ந்த கூரை, கல் பாவிய தரை, வெள்ளையடித்த வெறும் சுவர்கள். காண்பதற்குக் கம்பீரம், கேட்பதற்கோ கடினம். மேடையின் இருபுறமும் நின்ற இரண்டு பெரிய பெட்டிகளே மண்டபம் முழுமைக்கும் பேச வேண்டியிருந்தது. முன்வரிசையினர் காதைப் பொத்திக்கொள்வர்; பின்வரிசையினர் காதைத் தீட்டிக்கொள்வர்.

பின்வரிசையில் அமர்பவர் யார்? பட்டமளிப்பு நாளன்று விடியற்காலைப் பேருந்தேறி வரும் பெற்றோர்களுக்குக் கிடைப்பவை கடைசி நாற்காலிகள்தாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளையின் பெயர் மேடையில் அழைக்கப்படும்போது, அவர்கள் செவிக்கு அது வெறும் முழக்கமாகவே வந்து சேரும். "நம்ம பிள்ளை பேரைச் சொல்லிட்டாங்களா?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்ட ஒரு தாயை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, புதிய ஒலிபெருக்கிகள் பொருத்துவதற்கு உதவியாக இயற்பியல் மாணவர் நால்வர் வேண்டுமென்று துறைத்தலைவர் கேட்டபோது, நான் முதலில் எழுந்து நின்றேன்.

"சத்தத்தைக் கூட்டினா ஆச்சு தம்பி! இதுக்கு எதுக்கு எட்டுப் பெட்டி?" என்றார் வேலைக்கு வந்த மின்பணியாளர்.

"சத்தம் பத்தாம இல்லண்ணே, சொல்லுதான் புரியல" என்றேன்.

உண்மை அதுதான். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடும். உயிரொலிகள் சுவருக்குச் சுவர் மோதி நீண்டு நிற்க, அடுத்து வரும் மெல்லிய மெய்யொலிகள் அவற்றுள் அமிழ்ந்துவிடும். 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சாபின் என்னும் இயற்பியலாளர் இதே தொல்லையைத்தான் ஆராயத் தொடங்கினார். அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் உச்சரித்த சொல் ஏறத்தாழ 5.5 விநாடி ஒலித்துக்கொண்டிருந்ததாம். அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து பரப்பி, மென்பொருள்கள் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்தார். நாங்களும் பின்சுவரில் கனத்த திரைகளைத் தொங்கவிட்டோம். மற்றொரு வழி, கேட்பவருக்கு அருகிலேயே சிறு பெட்டிகளை வைத்துத் தணிந்த குரலில் பேசவிடுவது.

இக்காலத்து வலையமைப்பு ஒலிபெருக்கி ஒவ்வொன்றினுள்ளும் ஓர் ஒலிமிகைப்பியும் ஒரு சிறு கணினியும் உண்டு. ஒற்றை ஈதர்நெட் கேபிள் ஒலியையும் கொண்டுவருகிறது, மின்சாரத்தையும் கொண்டுவருகிறது. 2003இல் வகுக்கப்பட்ட முதல் தரமுறையின்படி ஒரு கேபிள் வழியே 15.4 வாட் வரை அனுப்பலாம். கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. எட்டுப் பெட்டிகளுக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்து, மேடைக்குப் பின்னுள்ள ஒரே ஸ்விட்சில் சேர்த்தோம். மின்சார ஒயர்கள் செல்லும் குழாயில் இவற்றை நுழைக்கக் கூடாதென்று மின்பணியாளர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். ஒவ்வொரு கேபிளின் இருமுனையிலும் எண் எழுதிய நாடாவை அவரே ஒட்டினார். பின்னர் ஒரு பெட்டி பேசாமற்போனபோது, அந்த எண்ணே எங்கள் நேரத்தைக் காத்தது.

இனிதான் விந்தை. கேபிளில் செய்தி கண்ணிமைப்பதற்குள் கடைசிப் பெட்டியை அடைந்துவிடும். காற்றில் செல்லும் ஒலியோ, 31 டிகிரி வெப்பத்தில், விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் நடக்கும். தூண்களில் 9 மீட்டருக்கு ஒரு சோடியாக நான்கு சோடிகள் பொருத்தினோம். எல்லாம் ஒரே கணத்தில் பேசினால், கடைசி வரிசையினர் அருகிலுள்ள பெட்டியை முதலில் கேட்பர். முன்சோடியின் ஒலி 77 மில்லிவிநாடி கழித்து வந்து அதே சொல்லை மீண்டும் சொல்லும். ஆதலால் பின்னுள்ள பெட்டிகள் காத்திருக்க வேண்டும். இரண்டாம் சோடிக்கு 26, மூன்றாவதற்கு 51, நான்காவதற்கு 77 மில்லிவிநாடி.

அதற்குமேலும் 10 மில்லிவிநாடி கூட்டினோம். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே செவி நம்பும்; சற்றே பிந்தி வருவதைத் தனியொலியாகக் கருதாமல் முன்னதோடு சேர்த்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை நிறுவினார். எட்டுப் பெட்டிகளின் கடிகாரங்களும் ஒன்றுபட்டிருந்தாலன்றி இக்கணக்கு பலிக்காது. அதற்கென 2002இல் உருவான நேர ஒத்திசைவு முறை இருக்கிறது. அதன் துணையால் அவை தமக்குள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கின்றன.

சோதனைக்குக் கருவி தேடி அலையவில்லை, தமிழே கருவியாயிற்று. பல்லி–பள்ளி, கலை–களை, பனி–பணி, வால்–வாள் என்று சொற்களைக் கலந்து ஒரு நண்பர் மேடையில் வாசிக்க, கடைசி வரிசையில் அமர்ந்து எழுதினோம். பழைய பெட்டிகளில் எழுதிய தாள்கள் சிவப்பு மையால் நிறைந்தன. புதியவற்றில் எழுதியவற்றுள் ஒன்றிரண்டு திருத்தங்களே இருந்தன. கடைசி நாற்காலியில் அமர்ந்து கேட்ட மின்பணியாளர் தலைக்கு மேலிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தார். "இது பேசுற மாதிரியே தெரியலியே தம்பி! மேடையிலிருந்துல்ல கேக்குது" என்றார். ஹாஸின் ஆய்வுக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

நண்பர்களே! தாமதம் என்றால் குறை என்றே எண்ணிவந்தோம். இங்கோ, அளந்து வைத்த தாமதமே தெளிவைத் தந்தது. தன் முறை வரும்வரை காத்திருந்து, தேவையான அளவே பேசும் எட்டுச் சிறு குரல்கள், ஓங்கிக் கத்திய இரு பெருங்குரல்களால் இயலாததைச் செய்து முடித்தன. மேடை ஏறுவோர் நாளும் பெருகிவரும் நாட்டில், கடைசி வரிசைக்குச் சொல் சென்று சேர்ந்ததா என்று பார்ப்பவரும் சிலர் வேண்டும். அந்தத் தாமத அளவுகளை ஓர் அட்டையில் எழுதி, ஸ்விட்ச் இருக்கும் அலமாரியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். மேடையை இடம் மாற்றினால் கணக்கையும் மாற்றவேண்டும். அடுத்து வரும் மாணவர் அதைக் கவனிப்பாராக!