மாடியிலிருந்து பார்த்த மலை

சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போதெல்லாம் அம்மா ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பாள். தூரத்தில் நீலமாகச் சேர்வராயன் மலை. அதன் உச்சியில் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்தே, "இன்னிக்கு வடாம் காயாது" என்று சொல்லிவிடுவாள். ஆனால், கல்யாணமாகி வந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த மலைமேல் ஒருநாள்கூட ஏறியதில்லை! பாட்டிக்குப் பத்தியச் சமையல், எங்களுக்குப் பரீட்சை, அப்பாவுக்கு ஷிஃப்ட்... "அடுத்த வருஷம் பார்க்கலாம், கண்ணு" என்பதே அவள் பல்லவி.

அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் அம்மாவின் முழங்காலைப் பார்த்த டாக்டர், "மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்ததும், "இனிமே மலையும் தெரியாது" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சனிக்கிழமையே அம்மாவையும் என் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால், வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்! குழந்தைக்கு இரண்டே இட்லி கொடுத்து, முன் ஸீட்டில் உட்கார வைத்து, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்திருந்தேன். வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்ததில் அவளுக்கு வாந்தி எடுக்கவும் நேரமில்லை. மேலே ஏற ஏறக் காற்றில் ஈர மண் வாசனை. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஏரியைத் தாண்டினால் ஒண்டிக்கடை. ஒண்டியாக ஒரு கடை என்று பெயர் சொன்னாலும், இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை. மிளகு, காப்பித்தூள், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி! ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்கிறார்கள். உயரம் சுமார் 5,000 அடி.

இந்த மலைக்குக் காப்பி வந்த கதை சுவாரஸ்யமானது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இங்கே காப்பிச் செடியையும் பேரி, ஆப்பிள் போன்ற பழங்களையும் கொண்டுவந்து பயிர் செய்ய வைத்தவர். இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும், மரத்தைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடிகளும் வளர்கின்றன. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம்!

ஆனால், காக்பர்னுக்கு எத்தனையோ காலம் முன்பே மலை தங்கள் வீடு என்று வாழ்ந்தவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய தெய்வமான சேர்வராயனுக்கு மலையுச்சியில், 5,300 அடிக்கும் மேலே, குகைக் கோயில். உடன் இருப்பவள் காவிரியம்மன். மே மாதத்தில் திருவிழா.

கோயிலுக்கு அருகே வரை வண்டி போகிறது. குகைக்குள் குனிந்து போக வேண்டும். "நீங்க வெளியிலேயே கும்பிடுங்கம்மா, முட்டி என்னாகறது?" என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்லயே நிக்கவா?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். வெளியே கொய்யாப்பழம் விற்ற மலையாளி அம்மாள், "மெதுவா வா அக்கா, சாமி எங்கியும் போயிடாது" என்றாள். இருவரும் முழங்கால் வலிக்கு என்ன தடவுவது என்று கால் மணி நேரம் பேசினார்கள்!

சாயங்காலம் லேடீஸ் ஸீட்டுக்குப் போனோம். கீழே மலைப்பாதை பாம்பாக நெளிய, அதற்கப்பால் சேலம் நகரம். இருட்ட இருட்ட ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது. அம்மா பேசவில்லை. "பாட்டி, நம்ம வீடு எது?" என்று கேட்டாள் குழந்தை. "அதோ, அந்தப் பக்கம்" என்று கை காட்டிய அம்மா, சற்றுப் பொறுத்து என்னிடம் கேட்டாள்: "உங்கப்பாவும் நானும் ஒருதடவை வந்திருக்கலாம், இல்லே?" பதில் சொல்லத் தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவளே, "ஏண்டி, கேஸை மூடினோமா?" என்றாள்!

நீங்கள் போவதானால் சில யோசனைகள். கோடையானாலும் குழந்தைக்கு ஸ்வெட்டர், காதுக்குக் குல்லாய் அவசியம். முழங்கால் வலிக்காரர்களைக் கிளியூர் அருவிக்கு இறக்க வேண்டாம். ஏரிக்கரையும் லேடீஸ் ஸீட்டும் போதும். தாவரவியல் பூங்காவில் பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் குழந்தைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள், பையைப் பறித்துவிடும். காப்பித்தூளைக் கொஞ்சமாக வாங்குங்கள். நாளானால் மணம் போய்விடும்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டிலும் "அடுத்த வருஷம்" என்று சொல்லிக்கொண்டே ஓர் அம்மா இருப்பாள். அவள் எந்த ஊரைச் சொல்கிறாள் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.