எந்தத் தெரு என்று கேட்காத கட்டில்

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ‘ஆஸ்டல்’ என்று சொல்வது ஒன்று, நாங்கள் சொல்வது வேறொன்று. எங்கள் ஐந்து பேருக்கும் ஆஸ்டல் என்றால் ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதிதான். தகரப் பெட்டி, பாய், தட்டோடு நிற்கும் வரிசை, வாசலைத் தாண்ட விடாத வார்டன். அங்கே தங்கிப் படித்ததால்தான் இன்று சமூகப் பணியில் இருக்கிறோம். 2025 ஜூலையில் அந்த விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று அரசு பெயர் வைத்தது. நல்ல பெயர். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். அதைத் தனியாக எழுதுகிறோம்.

எங்களுக்குப் பயணம் புதிதில்லை. உண்மை அறியும் குழு, பயிற்சி முகாம், வழக்கு வாய்தா என்று மாதத்தில் பாதி நாள் பேருந்தில்தான் போகிறது. ஆனால் எங்கே போனாலும் ஏதோ ஒரு சேரியில், ஏதோ ஒரு தோழர் வீட்டில்தான் படுக்கை. யாருக்கும் எதுவும் நடக்காத ஓர் ஊருக்கு, சும்மா போய் இரண்டு நாள் தங்கியதே இல்லை. கடந்த மார்கழியில் ஏற்காட்டுக்குக் கிளம்பியது அதற்காகத்தான். ஐவரில் ஒருவருக்கும் அந்த ஊரில் ஆள் தெரியாது.

முதலில் ஒரு தனியார் காட்டேஜுக்குப் போன் செய்தோம். அறை இருக்கிறது என்றார்கள். பிறகு கேள்விகள் தொடங்கின. ஆம்பளைங்க யாரும் கூட வரலையா? சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு? இந்தக் கடைசிக் கேள்வியின் அர்த்தம் தெரியாத தலித் பிள்ளை தமிழ்நாட்டில் கிடையாது. தெருவின் பெயரிலேயே அண்ணலின் பெயர் இருக்கிறது. மறைக்க நாங்கள் விரும்பவும் இல்லை. சொன்னோம். “இருங்கம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்” என்றவர், ஐந்து நிமிடத்தில் எல்லா அறையும் புக் ஆகிவிட்டது என்றார். அரை மணி நேரம் கழித்து வேறு தோழி ஒருத்தி, அதே தேதிகளுக்கு, ஐந்து பெண்களுக்கு என்றே கேட்டாள். தெருவுக்கு மட்டும் வேறு பெயர் சொன்னாள். அறை கிடைத்தது.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்து ஒரு டார்மெட்டரியில் இடம் பிடித்தோம். அடையாள அட்டையின் எண்ணை எழுதிக்கொண்டு, கட்டில் நம்பரைச் சொல்லி, வெந்நீர் காலை ஏழு மணி வரைதான் என்று எச்சரித்தார்கள். அவ்வளவுதான். அடுக்குக் கட்டில்கள், மேல் கட்டிலில் யார் புரண்டாலும் கீழே கிறீச்சிடும். பக்கத்தில் கோவையிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள். எங்களிடம் சார்ஜர் வாங்கினார்கள், முறுக்கு கொடுத்தார்கள். எங்கள் பழைய விடுதியை விட இது ஒன்றும் வசதியானதில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் யார் என்று இருவருக்குமே தெரியாது, தெரியவும் வேண்டாம் என்பது எங்களுக்கு வினோதமாக இருந்தது. சாதி போய்விட்டது என்று சொல்லவில்லை. ஒரு படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை, அவ்வளவே.

குளிரில் தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தோம். 1917இல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டு, தன் படிப்புக்கு உதவிய பரோடா சமஸ்தானத்துக்கே வேலைக்குப் போனபோது அவருக்குத் தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் கையேட்டை விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இல் தொடங்கினார். நமக்கு அப்படி ஒரு கையேடு இல்லை. அங்கே தோலைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடலாம். இங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் இத்தனை கேள்விகள்.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு ஹோட்டல் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாணவத் தோழர்கள் இன்னொன்றையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்: 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தின்படி குற்றமான ஒரு செயல் பட்டியல் சாதியினருக்கு எதிராக நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. ஆனால் இடம் மறுத்தார்கள் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். ‘புக் ஆகிவிட்டது’ என்ற நயமான சொல் தப்பிப்பது அங்கேதான். இரண்டு அழைப்புகளின் பதிவும் எங்களிடம் இருக்கிறது. விட்டுத்தொலையலாம், சுற்றிப் பார்க்கத்தானே வந்தோம் என்று ஐவரில் இருவர் சொன்னார்கள். விடிவதற்குள் அவர்களே புகாரின் முதல் பத்தியைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம்.

மறுநாள் ஏரி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் குகை எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். திரும்பும் வழியில் காபித் தோட்டத்தை ஒட்டிய டீக்கடையில் ஓர் அக்காவோடு பேச்சு நீண்டது. 1820களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். பழம் பறித்தவர்களின் பெயர்களை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. மலை மலையாளிப் பழங்குடிகளுடையது. சட்டமன்றத் தொகுதிகூட அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதுதான். இந்த அக்காவின் தாத்தா கீழே இருந்து கூலிக்கு ஏறி வந்தவர்.

“எந்த ஊரு கண்ணுங்களா?” என்றார். ஊரோடு தெருவின் பெயரையும் சேர்த்தே சொன்னோம். சிரித்துவிட்டு, “நம்ம புள்ளைங்கதானா” என்று டீக்கு எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

கட்டிலுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டார். சொன்னதும், தன் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டு விரலில் கணக்குப் போட்டார். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததால்தான் குடியிருப்பு தருவது தோட்ட முதலாளியின் கடமையானது. ஆனால் வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. அக்கா பிறந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் ஒரே லைன் வீட்டில். அடுத்த வருஷம் வேலையிலிருந்து நின்றதும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். திருப்பூரில் மகன் இருக்கும் ஒற்றை அறையில் ஏற்கெனவே நான்கு பேர். கீழே மனைப்பட்டா கேட்டு மனு கொடுத்திருக்கிறாராம், பதில் வரவில்லை. மனுவின் நகலைக் கேட்டோம். வீட்டில் இருக்கிறது என்று எழுந்து போனார். சேலம் போகும் பேருந்து வந்து ஆரன் அடித்தது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தோம்.