கவுண்டருக்குப் பின்னால் வளர்ந்தவர்கள்

ஏஞ்சலா ஹுயி 2022இல் எழுதிய ‘டேக்அவே’ என்ற நினைவு நூல், வேல்ஸ் கிராமமொன்றில் அவருடைய பெற்றோர் நடத்திய சீனச் சாப்பாட்டுக் கடையைப் பற்றியது. வாசிக்க வாசிக்க, தொண்ணூறுகளில் தெற்கு லண்டனில் எங்கள் அப்பாவின் பலசரக்குக் கடையை ஒட்டியிருந்த டேக்அவேயின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

அந்த வீட்டுப் பெட்டையும் நானும் ஒரே வகுப்பு. இரண்டு குடும்பத்துக்கும் கடைக்கு மேல்தான் வீடு. பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவள் இறால் உரிப்பாள். உருளைக்கிழங்கு வெட்டி வாளித் தண்ணீரில் போடுவாள். நான் எங்கள் கடையில் பால் போத்தல் அடுக்குவேன். பின்னேரம் கடை திறந்தால் வீட்டுப்பாடக் கொப்பியும் டெலிபோனும் அவள் பக்கத்தில் இருக்கும். தாய் தகப்பனுக்கு ஆங்கிலம் ஓடாது. ஓடர் எடுப்பது, வரிக் கடிதம் வாசிப்பது, சண்டைக்கு வருபவனைச் சமாளிப்பது எல்லாம் அவள்தான். வெள்ளி, சனி இரவுகளில் பப் மூடியதும் வருகிறவர்கள் தகப்பனின் பேச்சைப் பழித்துக் காட்டுவார்கள். அவள் முகம் மாறாமல் மிச்சக்காசை எண்ணிக் கொடுப்பாள். ஒரு பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை எதற்கு என்று இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சிப்ஸும் கறிக்குழம்பும் புளிப்பினிப்புக் கோழி உருண்டையும் வாடிக்கைக்காரருக்கு. கடை திறக்குமுன் அவர்கள் குசினியில் சாப்பிடுவது வேறு: இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்த முழு மீன், வெள்ளைச் சோறு. நான் போனால் அவளுடைய அம்மா மீனின் கன்னச் சதையை எடுத்து என் கோப்பையில் வைப்பார். அதுதான் மீனில் நல்ல துண்டு.

ஹொங்கொங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதியில் பரம்பரையாக நெல் விதைத்த குடும்பம் அது. 1950களில் மலிவான தாய்லாந்து அரிசி வந்து இறங்க, அங்கே பலருக்கு வயல் கட்டுப்படியாகவில்லை. 1962இல் பிரித்தானியா குடிவரவை இறுக்கிய பிறகு, வேலை அனுமதிச்சீட்டு எடுத்து, உறவினரின் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவர்கள் ஏராளம். காசு சேர்ந்ததும் குடும்பத்தைக் கூப்பிட்டுத் தனிக்கடை போட்டார்கள். ஒருவர் வியாபாரத்தில் மற்றவர் கை வைக்காதபடி ஊர் ஊராய்ப் பிரிந்தும் போனார்கள். அதனால்தான் சின்னஞ்சிறு ஊரிலும் ஒரு சீனக் கடை. அங்கத்தைய பள்ளிக்கூடத்தில் தனியே ஒரு சீனப் பிள்ளை.

சிநேகிதி இன்று மருந்தாளர். பிள்ளைகள் யாரும் அடுப்படிக்கு வரவேண்டாம் என்று தகப்பன் கடையை விற்றுவிட்டார். எங்கள் கடையும் அப்படித்தான் போனது. லண்டனில், டொரண்டோவில், பாரிஸில் கடைக்குள் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளே, நீங்களும் எழுதுங்கள். அம்மா அப்பா இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.