எண்ணிச் சொல்லும் தொழில்

எண்ணுவது எளிது; எண்ணியதை உரியவரிடம் எடுத்துச் சொல்லுவது அரிது. இயற்பியல் முதுகலை படிக்க வந்த எனக்கு இந்த உண்மையை ஆய்வுக்கூடமும் கற்பித்தது. மாலை நேரத்தில் நான் செய்யும் ஒரு சிறு வேலையும் கற்பித்தது.

தமிழ்நாட்டை விட்டு டில்லிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகப் போகின்றன. வீட்டிலிருந்து பணத்தை எதிர்பார்க்கும் நிலையில் நான் இல்லை; தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கு என்னால் இயன்றதை நான்தான் அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு விளம்பர நிறுவனத்தில் வாரத்திற்கு மூன்று மாலை வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு பேர் பணியாற்றும் சிறிய இடம் அது. கடைக்காரர்கள், பல் மருத்துவர்கள், பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் முதலியோர் தங்கள் இணையதளத்தையும் விளம்பரத்தையும் அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தளத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வழியாக வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள் என்பவற்றைக் கூகிள் அனலிட்டிக்ஸ் என்னும் கருவியிலிருந்து எடுத்து, மாதத்தின் முதல் வாரத்தில் ரிப்போர்ட்டாக எழுதி அனுப்புவது என் வேலை.

"இதில் என்னப்பா இருக்கிறது? இயந்திரம் எண்ணுகிறது, நீ படி எடுத்துத் தருகிறாய்!" என்றார் விடுதி நண்பர் ஒருவர். கேள்வி நியாயமானதே. ஆனால் இயந்திரம் எதை எண்ணுகிறது என்று பார்த்தோமானால், விடை அவ்வளவு எளிதாக இராது.

தளத்தின் பக்கம் ஒன்று திறக்கப்படும்போது, அதில் பொதிந்துள்ள ஒரு சிறு நிரல் செய்தி அனுப்புகிறது. வந்தவரை மறுமுறை அடையாளம் காண, அவருடைய கருவியில் 'குக்கி' என்னும் குறிப்பை வைத்துவிடுகிறது. ஒருவர் காலையில் கைப்பேசியிலும் மாலையில் அலுவலகக் கணினியிலும் பார்த்தால், பெரும்பாலும் இருவராக எண்ணப்படுகிறார். தந்தையும் மகனும் ஒரே கைப்பேசியில் பார்த்தால் ஒருவராகிவிடுகிறார்கள். பாதி பார்த்துவிட்டு உணவருந்தச் சென்று, 30 நிமிடம் கழித்துத் திரும்பினால் அது புதிய வருகை. விளம்பரத் தடுப்பு நிரல் வைத்திருப்பவர் பல வேளைகளில் எண்ணிக்கையிலேயே சேருவதில்லை. ஆகவே 'பயனர் 2,000 பேர்' என்றால் 2,000 தலைகள் என்று பொருள் அன்று. ஒரே கோலால் மாதந்தோறும் அளந்தால் ஏற்ற இறக்கத்தை அறியலாம். அவ்வளவே அதன் பயன்.

அந்தக் கோலும் மாறாமல் இருக்கிறதா? 2023 ஜூலை 1 அன்று கூகிள் தன் பழைய அளவைக் கருவியை நிறுத்தி, பெரும்பாலோரைப் புதிய கருவிக்கு வரச் செய்தது. பழைய முறையில், ஒருவர் ஒரே ஒரு பக்கத்தைப் பத்து நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு வேறெதையும் தொடாமல் சென்றாலும், 'வந்த வேகத்தில் திரும்பியவர்' என்று பவுன்ஸ் கணக்கில் எழுதப்பட்டார். புதிய முறையில், பத்து வினாடிக்கு மேல் இருந்தாலே ஈடுபாடு கொண்டவர் ஆகிவிடுகிறார். பவுன்ஸ் ரேட் திடீரென்று இறங்கிற்று. கடை மாறவில்லை, சரக்கு மாறவில்லை, வந்தவர் மாறவில்லை. சொல்லின் பொருள்தான் மாறிற்று. அந்த இறக்கத்தைத் தன் சாதனை என்று காட்டிக்கொள்ள விரும்பியவர்க்கு அன்று கதவு திறந்தே இருந்தது.

நம் ஆய்வுக்கூடத்தில் கைகர் எண்ணியை வைத்துக் கதிரியக்கத்தை எண்ணியவர்களுக்கு ஒரு விதி தெரியும். தற்செயலாக நிகழ்வனவற்றை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு ஐயப்பாடு அதில் உண்டு. 10,000 எண்ணினால் ஐயம் 100. நூற்றில் ஒரு பங்கு. 4 எண்ணினால் ஐயம் 2, சரிபாதி! ஒரு பல் மருத்துவரின் தளத்தில் சென்ற மாதம் 4 பேர் விசாரித்தார்கள், இந்த மாதம் 6 பேர். "50 விழுக்காடு வளர்ச்சி" என்று பச்சை அம்பு போடலாம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் இரண்டு எண்களின் வேறுபாடு 2. அந்த வேறுபாட்டின் ஐயப்பாடு 3க்கும் மேல். எதையும் துணிந்து சொல்ல இயலாது என்பதே அறிவியல் தரும் விடை. ஆய்வேட்டில் எழுதத் தயங்குவதை, அயலார் பணத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் தயங்காமல் எழுதலாமா?

இந்தக் கேள்வி ஒரு நாள் என் முன் நேராக வந்து நின்றது. கீர்த்தி நகரில் கட்டில், மேசை, நாற்காலி விற்கும் முதியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவருடைய தளத்திற்கு வந்த வருகைகள் ஒரே மாதத்தில் 2,100லிருந்து 5,400 ஆக உயர்ந்தன. ஆனால் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் விசாரித்தவர்கள், தொழிலில் 'லீட்' என்பார்களே, அவர்கள் 31லிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். வேறுபாடு 14, அதன் ஐயப்பாடு 7. தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத வீழ்ச்சி அது. விளம்பரம் எங்கெங்கே தோன்றியது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெரும்பகுதி கைப்பேசி விளையாட்டுச் செயலிகள்! ஆட்டத்தின் நடுவே விரல் பட்டு வந்தவர்கள், சில வினாடிகளில் அகன்றுவிட்டார்கள். கட்டில் வாங்கும் எண்ணம் அவர்களுக்கு ஏது?

நிறுவனத் தலைவர் படித்துப் பார்த்தார். "வருகையை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடு. விசாரணையை ஏழாம் பக்கத்தில் அட்டவணையில் சேர்த்துவிடு" என்றார். அவர் தீயவர் அல்லர். ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர். சிவப்பு அம்பைக் கண்டால் வாடிக்கையாளர் வேறு இடம் தேடுவார் என்று அஞ்சுபவர். மேலும், அந்த ரிப்போர்ட்டில் எந்த எண்ணும் பொய் இல்லை. ஆனால் உண்மைகளை வரிசை மாற்றி அடுக்கியே ஒருவரை ஏமாற்ற முடியும். பொய்யாவது ஒரு நாள் பிடிபடும். இவ்வகை உண்மை பிடிபடுவதே இல்லை.

சார்லஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1975இல் ஒரு கருத்தைக் கூறினார்: ஒரு புள்ளிவிவரத்தில் தென்படும் ஒழுங்கு, அதைப் பிடித்துக்கொண்டு ஆள முற்பட்டதும் குலைந்துவிடும் என்பது அது. அவர் பேசியது நாட்டின் நாணயக் கொள்கையைப் பற்றி. ஆனால் கீர்த்தி நகரின் கட்டில் கடைக்கும் அது பொருந்துகிறது. வருகை தானாகப் பெருகிய காலத்தில் அது கடையின் செல்வாக்கைக் காட்டிற்று. வருகையே குறிக்கோள் என்றதும், மலிவு விலையில் அதை வாங்கிக் குவிக்க வழி பிறந்துவிட்டது.

"சார், எண்ணியவன் நான். விசாரணை குறைந்ததையும், அதன் காரணத்தையும், அடுத்த மாதம் செய்ய வேண்டியதையும் முதல் பக்கத்தில் மூன்று வரிகளில் எழுதுகிறேன். அவரிடம் நேரில் விளக்கும் பொறுப்பையும் நானே ஏற்கிறேன்" என்றேன். நெடுநேரம் பேசினோம். இறுதியில், மனம் இல்லாமலே, "போய் வா" என்றார்.

முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று வரிகளையும் படித்தார். பிறகு மேசைக்குள்ளிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்தார். கடைக்கு வருபவரிடமெல்லாம் "எப்படி அறிந்து வந்தீர்கள்?" என்று கேட்டுக் கோடு போட்டு வைத்திருக்கிறார்! "பேட்டா, இணையம் பார்த்து வந்தவர்கள் இந்த மாதம் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியவில்லை. அதற்குத்தான் உங்களுக்குப் பணம் தருகிறேன்" என்றார். செயலி விளம்பரங்களை நிறுத்தச் சொன்னார். செலவைப் பாதியாகக் குறைத்தார். இன்றும் அவர் வாடிக்கையாளராகவே இருக்கிறார்.

எல்லாம் நன்மையாக முடிந்தது என்று சொல்ல இயலாது. விளம்பரச் செலவு குறைந்ததால் நிறுவனத்தின் பங்கும் குறைந்தது. என் மூன்று மாலைகள் இரண்டாயின. மாதம் 3,000 ரூபாய் போயிற்று. தங்கைக்கு அனுப்பும் தொகையைக் குறைக்க மனமின்றி, விடுதிச் செலவில் கையை வைத்தேன். உண்மைக்கு விலை உண்டு. அதைச் சில வேளைகளில் சொல்பவரே கொடுக்க வேண்டியிருக்கிறது.

வணிகருக்கு உரிய நெறியை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள் போல் பேண வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று தராசு நம் கையில் இல்லை. ஆனால் ரிப்போர்ட் இருக்கிறது. தட்டில் விரலை வைத்து அழுத்துவதற்கும், வேண்டாத எண்ணை ஏழாம் பக்கத்திற்குத் தள்ளுவதற்கும் என்ன வேறுபாடு?

நண்பர்களே! நம்மில் பலர் படிப்பை முடித்ததும் எண்களோடு வாழப் போகிறவர்கள். மருந்தின் பயனையோ, மழையின் அளவையோ, கடையின் வருகையையோ நாம் எண்ணிச் சொல்ல, அதை நம்பிப் பிறர் முடிவெடுப்பார்கள். எண்ணியது எது, எண்ணாமல் விட்டது எது, எவ்வளவு ஐயம், அடுத்து என்ன செய்யலாம் என்னும் நான்கையும் முதல் பக்கத்திலேயே எழுதுவோம். கேட்பவர் கணிதம் அறியாதவராக இருக்கலாம். தம் பணம் எங்கே போகிறது என்று அறியும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு.